பின்சக்கரத்துக்குக் கார் டயர் போடலாமா?

நீளப்பயணி:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி, திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது 2012 மாடல் ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல் 1800 பைக். பின்சக்கரத்தில் 180/60ஆர்16 அளவு டயர். ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் நேர்ச்சாலைதான், பின்னால் மனைவி, இரண்டு பக்கப் பெட்டியிலும் சாமான். பின்டயர் 9,000 கிலோமீட்டர்கூடத் தாங்குவதில்லை. ஓரங்களில் பட்டன் புதுசு மாதிரி நிற்கிறது, நடுவில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு மழமழவென்று மொட்டை. பாதி டயரைச் சும்மா தூக்கிப் போடுகிறேன், வயிறு எரிகிறது.

போன மாதம் வழியில் இதே வண்டி வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்தேன். பேசிக்கொண்டே பின்பக்கம் குனிந்தால் கார் டயர்! 195/55ஆர்16, ரன்ஃபிளாட், அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய வகை. 35,000 ஓட்டிவிட்டாராம், இன்னும் பட்டன் மிச்சம் இருக்கிறது. "ஒரு தடவை போட்டுட்டா ஆயுசுக்கும் கவலை இல்லை" என்றார். ஆயுசு என்றதும்தான் எனக்குக் கொஞ்சம் உதறல்.

போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வளைவில் என்ன செய்யும்? பைக் ரிம்மில் அது ஒழுங்காக உட்காருமா?

சதுரடயர்:

நான் போட்டிருக்கிறேன். நான்கு வருடமாக, இப்போது ஓடுவது இரண்டாவது கார் டயர். முதலாவது 38,000 ஓடியது. அதனால் என் பேச்சில் கொஞ்சம் பாசம் இருக்கும், தள்ளுபடி செய்து படியுங்கள்.

முதல் நாளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அன்றைக்கே கழற்றி எறிந்துவிடுவார்கள். வண்டியை வெளியே எடுத்து முதல் திருப்பத்தில் வழக்கம்போல ஹேண்டிலை லேசாகத் தள்ளினேன். பைக் டயர் என்றால் அந்தத் தள்ளலுக்கே வண்டி தானாகச் சரிந்து உள்ளே விழும் இல்லையா, இது விழவில்லை. கொஞ்சம் சாய்ந்தது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து நிமிர்த்துகிற மாதிரி நிமிர்ந்துவிட்டது. திருப்பத்தை அகலமாக எடுத்து எதிர்ப்பக்கம் போய்விட்டேன், நல்லவேளை எதிரே யாரும் இல்லை. திருப்பம் முடியும்வரை ஹேண்டிலைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், கை எடுத்தால் எழுந்துவிடும் என்று புரியவே இரண்டு நாள் ஆனது. சாலை ஓரம் சரிவாக இருந்தால் வண்டி அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். லாரிச் சக்கரம் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்த தடத்தில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலும் வைத்த மாதிரி தடுமாறும்.

காற்றை 41 பிஎஸ்ஐ வைத்தபோது மரக்கட்டை. இறக்கி இறக்கிப் பார்த்து இப்போது 32-இல் நிற்கிறேன். சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், கொஞ்சம் நெளியும்போதுதான் சாய்வது சுலபமாகிறது. ரன்ஃபிளாட் என்பதால் அந்தக் காற்றிலும் துவண்டுபோவதில்லை, பஞ்சர் ஆனாலும் குப்புறத் தள்ளாது என்று ஒரு தைரியம்.

நல்லது என்ன? நேர்ச்சாலையில் ரயில் மாதிரி போகிறது. முழுச் சுமையில் பின்பக்கம் அலையவில்லை. உங்கள் பழைய டயரில் 74எச் என்று இருக்கும் பாருங்கள், அந்த 74 என்றால் டயர் தாங்கும் சுமை 375 கிலோ. கார் டயரில் 87, அதாவது 545 கிலோ. இரண்டு பேரும் சாமானும் ஏறினால் பைக் டயர் தன் எல்லைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்குகிறது, இது சிரித்துக்கொண்டு போகிறது.

ஆனால் மலைப்பாதையில் விளையாட்டாக வளைத்து ஓட்டுவதை விட்டுவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பீடுகாரன்:

இருபது வருடமாக டயர் மாட்டிக் கழற்றுவதுதான் என் பிழைப்பு. தம்பி, இந்த வேலையை நான் செய்து தரமாட்டேன். ஓட்டும்போது என்ன ஆகும் என்பது அப்புறம், மாட்டும்போதே பிரச்சினை ஆரம்பம்.

உங்கள் பின் ரிம்மைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், எம்டி 5.00 என்று பொறித்திருக்கும். 5 அங்குல அகலம், எம்டி என்பது மோட்டார் சைக்கிள் ரிம்மின் விளிம்பு வடிவம். கார் ரிம்மில் ஜே என்று இருக்கும், அது வேறு வடிவம். பீடு, அதாவது டயரின் உள்விளிம்பு, வந்து உட்காரும் மேடை, அதை உள்ளே நழுவவிடாமல் பிடிக்கும் மேடு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். 16 அங்குலம் என்பது இரண்டிலும் ஒன்றுதான், அதை வைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இன்னொன்று, 195/55ஆர்16-க்கு அனுமதித்த ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. உங்களுடையது 5. அந்த வரம்புக்குள்ளேயே வரவில்லை.

ஒரு கதை. யாரோ ஒருவர் சக்கரத்தைத் தனியாகக் கழற்றிக் கொண்டுவந்தார், டயரையும் அவரே வாங்கிவந்திருந்தார். அப்போது எனக்கும் வேடிக்கை பார்க்கும் வயசு, சரி என்று மாட்டினேன். சோப்புத் தண்ணீர் தடவி காற்று ஏற்றினால் ஒரு பக்கம் 'டப்' என்று உட்கார்ந்தது. மறுபக்கம் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளேயே பதுங்கிக்கொண்டது. டயர் மேலேயே எழுதியிருக்கிறது, பீடு உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதே என்று, நிறைய கார் டயரில் இந்த எச்சரிக்கை உண்டு. 40 வந்துவிட்டது, அசையவில்லை. காற்றை இறக்கி, மறுபடி சோப்பு போட்டு, மறுபடி 40. அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, எல்லாரும் 70 வரைக்கும் ஏத்துறாங்க" என்றார் அவர். நான் சக்கரத்துக்கு நேர் எதிரே குனிந்து உட்கார்ந்திருந்தேன், முகத்துக்கும் டயருக்கும் ஒரு முழம்தான் இருக்கும். ஹோஸைப் பிடுங்கிவிட்டு எழுந்துவிட்டேன். பீட்டுக்குள் இருப்பது இரும்புக் கம்பி வளையம், அது அறுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவனிடம் கேட்காதீர்கள்.

கழற்றுவது அதைவிடக் கொடுமை. உட்கார்ந்த பக்கம் ரிம்மை விடவே இல்லை. கடைசியில் ரிம் ஓரத்தில் ஒரு வடு விழுந்துதான் வெளியே வந்தது, அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பைக் டயரில் 16-க்குப் பக்கத்தில் எம்/சி என்று இருக்கும். இது மோட்டார் சைக்கிள் ரிம்முக்கான டயர் என்பதற்கான அடையாளம் அது. கார் டயரில் அது இருக்காது.

சதுரடயர்:

பீடுகாரன் அண்ணே, உங்களை மறுத்துப் பேசவில்லை. என்னுடையதும் 40-இல் உட்காரவில்லைதான். எவ்வளவில் உட்கார்ந்தது என்று இங்கே எழுதினால் யாராவது அதையே செய்வார்கள், அதனால் எழுதவில்லை. ஆனால் உட்கார்ந்தபின் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடக் காற்று கசியவில்லை, நழுவவும் இல்லை. வழியில் சந்தித்தவர்களையும் சேர்த்து எனக்குத் தெரிந்து பத்துப் பதினைந்து பேர் ஓட்டுகிறார்கள், ஒருவரும் விழுந்ததாகக் கேள்விப்படவில்லை.

கணக்குப்புலி:

விழுந்தவர்கள் வந்து "நான் விழுந்தேன்" என்று எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஏன் இந்த அளவையே எல்லோரும் தேடிப் பிடிக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். 180/60ஆர்16 என்றால் அகலம் 180 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் சைடுவால் உயரம், அதாவது 108 மில்லிமீட்டர், 16 அங்குல ரிம்மையும் சேர்த்து மொத்த விட்டம் சுமார் 622. 195/55ஆர்16-க்குச் சைடுவால் 107, விட்டம் சுமார் 621. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதனால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் எதுவும் நடக்காத மாதிரி இருந்துவிடுகின்றன. அகலம் மட்டும் 15 மில்லிமீட்டர் கூடுகிறது. அந்த இடைவெளி ஸ்விங்ஆர்மில், அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில், இருக்கிறதா என்பதை மாட்டியபின் இல்லை, மாட்டும்முன் அளக்க வேண்டும்.

அடுத்து, கார் டயர் தரையில் நிறையப் பரவுகிறது, அதனால் பிடிப்பு அதிகம் என்கிறார்களே, அது பாதி உண்மை. தரையைத் தொடும் பரப்பு தோராயமாக எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. பின்சக்கரத்தில் 350 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். 41 பிஎஸ்ஐ என்றால் கிட்டத்தட்ட 120 சதுர சென்டிமீட்டர், அது கார் டயரானாலும் பைக் டயரானாலும் பெரிதாக மாறாது. சதுரடயர் 32-க்கு இறக்கியதால் 155 வருகிறது. கூடியது டயரால் இல்லை, அவர் காற்றை இறக்கியதால். டயர் மாற்றுவது அந்தப் பரப்பின் வடிவத்தை: பைக் டயரில் நீள ஒல்லி, கார் டயரில் குட்டை அகலம். ஈரச் சாலையில் இந்த வடிவம் முக்கியம், ஒல்லியானது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், அகலமானது அதன்மேல் ஏறி மிதக்கப் பார்க்கும், காற்று குறையக் குறைய மிதக்க ஆரம்பிக்கும் வேகமும் குறைந்துகொண்டே வரும். கார் டயரில் தண்ணீர் வெளியேற ஆழமான வாய்க்கால்கள் இருக்கின்றன என்பதும் உண்மைதான், அதனால் மெதுவாகப் போகும்வரை அது சமர்த்தாகவே இருக்கும்.

வளைவுக்கு வருவோம், விஷயமே அங்கேதான். ஒரு புனலைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, குறுகிய முனைப் பக்கமாக வட்டமடிக்கும். சாய்ந்த பைக் டயர் அந்தப் புனல்தான். வட்டமான முகம் சாயும்போது தரையைத் தொடும் இடத்தில் ஒரு கூம்பு மாதிரி ஆகி, வண்டியை அந்தப் பக்கமாகத் தானே இழுக்கிறது. பைக் வளைவதில் பெரும்பங்கு இதுதான், கார் மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைத்து வளைவதில்லை. தட்டையான டயரில் கூம்பே கிடையாது. சாய்க்கச் சாய்க்க தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர் போய்விடுகிறது, தரை அங்கிருந்து மேலே தள்ளும்போது வண்டி நிமிரத்தானே செய்யும். சதுரடயர் சொன்னாரே, தோளைப் பிடித்து நிமிர்த்துகிற மாதிரி என்று, அந்தத் தோள் பிடித்தவர் இவர்தான்.

பிரேக்குக்கு ஒரு வரி. பலமாகப் பிடிக்கும்போது எடை முன்னால் போய்விடுகிறது, நிறுத்துவது முன்சக்கரம். பின்னால் எத்தனை பிடிப்பு இருந்தாலும் அந்த நேரத்தில் அதற்கு வேலை குறைவு.

சதுரடயர்:

புனல் உதாரணம் நன்றாக இருக்கிறது, நான்கு வருடமாக எனக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் நேர்ச்சாலையில் 9,000 ஓட்டிய பைக் டயரைப் பாருங்கள், நடுவில் தட்டையாகி அதுவும் பாதி கார் டயராகிவிடுகிறது. அந்தத் தட்டையின் ஓரத்து மேட்டைக் கடந்து சாயும்போது வண்டி வெடுக்கென்று விழும், அது மட்டும் பாதுகாப்பா?

கணக்குப்புலி:

இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த நிலைக்கு வந்த டயரைக் கழற்றியிருக்க வேண்டும். தேய்ந்த டயர் மோசம் என்பதால் வேறு டயர் நல்லது என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

மூன்றாம்சக்கரம்:

நடுவில் நுழைகிறேன். என்னுடையது சைடுகார், அதாவது தனிச் சக்கரத்தோடு பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி, இணைத்த வண்டி, நான் பல வருடமாகக் கார் டயரில்தான் ஓடுகிறேன், எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. காரணம் இந்த வண்டி சாயாது. பக்கத்தில் ஒரு சக்கரம் முட்டுக்கொடுத்து நிற்கிறது, திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் இழுபடும், கார் மாதிரியே. பைக் டயர் போட்டால் நடுவில் ஒரு கோடு மட்டும் தரையைத் தொட்டு, கண்ணெதிரே கரையும். ஆனால் பீடுகாரன் அண்ணன் சொன்ன ரிம் விஷயத்தை நான் தாண்டிக்கொண்டு வரவில்லை. கார் டயருக்கு ஏற்ற ரிம்மையே போட்டு சக்கரத்தைப் புதிதாகக் கட்டினோம். டயரை ரிம்முக்கு அடித்து நுழைக்காமல் ரிம்மை டயருக்காக மாற்றினோம்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் இரண்டு சக்கர வண்டியின் முன்னால் கார் டயர் போட நினைக்காதீர்கள். பின்னால் போடுபவர்கள்கூட முன்னால் போடுவதில்லை.

வழிப்போக்கன்77:

காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தீர்களா? விபத்து என்று வந்தால் முதலில் டயரைத்தான் படம் பிடிப்பார்கள்.

பீடுகாரன்:

அதுவும் உண்டு. கார் டயருக்கு ஐ.நா. விதிமுறை எண் 30, பைக் டயருக்கு எண் 75, இரண்டுக்கும் சோதனையே வேறு வேறு. சாய்ந்து ஓடுவதற்காக யாரும் அந்தக் கார் டயரைச் சோதித்ததில்லை. சதுரடயர் சொன்ன அந்த 545 கிலோவும் அதற்குரிய ரிம்மில், அதற்குரிய காற்றில் இருக்கும்போது. 5 அங்குல ரிம்மில் 32 காற்றில் அது எத்தனை கிலோ என்று யாரும் எழுதித் தரவில்லை.

அது கிடக்கட்டும். கேள்வி கேட்ட தம்பி எங்கே போனார்? நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கதை சொல்லும் ஆசையில் மறந்துவிட்டேன். இந்த வண்டிக்கு 9,000 என்பது குறைவு. சுமை, நேர்ச்சாலை எல்லாம் சேர்ந்தாலும் 13, 14 ஆயிரம் வர வேண்டும், என்னிடம் வருபவர்களுக்கு வருகிறது. அதுவும் நடுவில் மட்டும் மூன்று விரல் அகலம் என்கிறீர்கள், ஓரம் புதுசு என்கிறீர்கள். காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? எதில் அளக்கிறீர்கள்? ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு அளக்கிறீர்களா, காலையில் குளிர்ந்திருக்கும்போதா?

நீளப்பயணி:

இங்கேதான் இருக்கிறேன் அண்ணே, எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். காற்று விஷயத்தில் நான் ரொம்பக் கறார். கையேட்டில் போட்டிருக்கிற மாதிரி முன்னால் 36, பின்னால் 41, வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன். பேனா மாதிரி இருக்குமே, அழுத்தினால் ஒரு குச்சி வெளியே வரும், அந்த கேஜ். ஏழெட்டு வருடமாக வைத்திருக்கிறேன்.

பீடுகாரன்:

ஏழெட்டு வருடம் என்றால் எத்தனை தடவை கீழே விழுந்திருக்கும்? வேறு இரண்டு கேஜ் கடன் வாங்கி அதே காலையில், அதே வால்வில் அளந்து பாருங்கள். ஒன்று போதாது, ஒன்று மட்டும் இருந்தால் எது பொய் சொல்கிறது என்று தெரியாது.

நீளப்பயணி:

மூன்று நாள் கழித்து வருகிறேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இன்று காலை அளந்தேன். என் கேஜில் 41, குச்சி அழகாகக் கோட்டில் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் டிஜிட்டல் கேஜில் 49. சரி அது கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, நண்பரின் கடிகார முள் வைத்த கேஜை வாங்கிப் பார்த்தால் அதிலும் 49, முள் ஒரு மயிரிழை தாண்டியே நிற்கிறது. அதாவது இத்தனை காலம் வாரம் தவறாமல், கறாராக, 8 பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். குச்சியை வெளியே இழுத்துப் பார்த்தேன், நடுவில் லேசாக வளைந்திருக்கிறது, வரும்போது எங்கோ உரசி நின்றுவிடுகிறது.

முன்சக்கரத்தையும் அளந்தேன், அதிலும் இதே கூத்துதான். சாலையில் சின்னக் கல் மேல் ஏறினாலும் கையில் சுரீர் என்று அடிக்கிறது என்று ஷாக் அப்சார்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அது.

இப்போதைக்கு முடிவு இது: அதே அளவில் பைக் டயரையே இன்னொரு தடவை போடுகிறேன், சரியான 41-இல் ஓட்டிப் பார்க்கிறேன். மலைப்பாதையில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போவோம், அந்த இரண்டு தடவைக்கு அந்தப் புனல் எனக்கு வேண்டும்.

சதுரடயர்:

நியாயம். அந்த டயரும் 9,000-இல் மொட்டையானால் எனக்கு ஒரு வரி போடுங்கள், அப்போது பேசிக்கொள்வோம். இல்லை, 14,000 ஓடினாலும் போடுங்கள், எனக்கும் தெரிய வேண்டும். என் டயர் அடுத்த வருடம் மாற்ற வேண்டும், உண்மையைச் சொன்னால் எதைப் போடுவது என்று இந்தத் திரியைப் படித்தபின் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. மனைவியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, நான்கு வருடமாக அவரிடம் வாதாடி வைத்திருக்கிறேன்.

பீடுகாரன்:

அந்தப் பேனா கேஜை உடைத்துக் குப்பையில் போடுங்கள் தம்பி. முக்கியமாக, யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.

நீளப்பயணி:

அண்ணே, மச்சான் போன மாதம்தான் ஊருக்கு நீளப்பயணம் கிளம்பும்போது அதை வாங்கி இரண்டு டயரையும் "சரிபார்த்து" விட்டுப் போனான். இப்போதுதான் நினைவு வருகிறது. இருங்கள், அவனுக்குப் போன் செய்துவிட்டு வருகிறேன்.